விடுமுறை இல்லாத சித்திரை முதல் நாள்

சித்திரை முதல் நாளுக்குச் சிங்கப்பூரில் பொது விடுமுறை கிடையாது. ஆண்டின் 11 பொது விடுமுறைகளில் எங்கள் வீட்டுப் பண்டிகை என்று வருவது தீபாவளி ஒன்றுதான். பொங்கலுக்கும் சித்திரைக்கும் பிள்ளைகள் பள்ளிக்குப் போவார்கள், பெரியவர்கள் வேலைக்குப் போவோம். 2024-இல் ஏப்ரல் 14 ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தது. 2025-இல் திங்கட்கிழமை. காலை ஏழரைக்குள் மகன் உயர்நிலைப் பள்ளியிலும் மகள் தொடக்கப்பள்ளியிலும் இருக்க வேண்டும், எனக்கு ஒன்பது மணிக்கு அலுவலகம், கணவருக்கு விமான நிலையத்தில் ஷிஃப்ட்.

இப்படி ஒரு வேலைநாளில், வீட்டுக்குள்ளேயே, ஆர்ப்பாட்டம் இல்லாமல், ஆனால் எதையும் கைவிட்டோம் என்ற குறை இல்லாமல் புத்தாண்டைக் கொண்டாட எங்கள் வீடு கொஞ்சம் கொஞ்சமாகப் பழகியிருக்கிறது. புதிதாக இங்கே வந்தவர்களுக்கும், முதல் முறையாகத் தனிக்குடித்தனத்தில் புத்தாண்டு பார்ப்பவர்களுக்கும் உதவும் என்று எழுதுகிறேன்.

இது தொடங்கியது 2020-இல். அதுவரை புத்தாண்டு என்றால் சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு கோயில், நீண்ட வரிசை, அர்ச்சனை, அப்புறம் சைவ உணவகத்தில் இலைச் சாப்பாடு, மாலையில் சொந்தக்காரர் வீடு. அந்த ஆண்டு ஏப்ரல் 7-ஆம் தேதி கோவிட் பரவலைத் தடுக்க சர்க்யூட் பிரேக்கர் என்ற ஊரடங்கு வந்தது. கோயில்களில் பக்தர்களுக்கு அனுமதி இல்லை. மறுநாளிலிருந்து பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்தே பாடம். ஒரே கூரையின்கீழ் இல்லாதவர்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகவும் முடியாது. ஒரே வாரத்தில் புத்தாண்டு. என்ன செய்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது மாமியார்தான் சொன்னார்: “ஊர்ல நாங்க எந்திரிச்சதும் கோயிலுக்கா போனோம்? முதல்ல கனி பாக்கணும். மத்ததெல்லாம் அப்புறந்தான்.”

அத்தைக்கு நாகர்கோவில் பக்கம். நான் கும்பகோணத்துக்காரி. எங்கள் பக்கம் மாங்காய்ப் பச்சடியும் பஞ்சாங்கம் படிப்பதும்தான் புத்தாண்டு. விடிந்ததும் முதலில் பழம், பூ வைத்த தட்டில் கண் விழிக்கும் கனி காணும் வழக்கம் எங்கள் தெருவில் இல்லை. இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும், அத்தை தன் ஊர்ப் புத்தாண்டை முழுதாகச் செய்ததை நான் பார்த்தது அந்த ஆண்டுதான். வெளியே ஓடிக்கொண்டிருந்ததால் அதற்கு இடமே இல்லாமல் போயிருந்தது. கட்டுப்பாடுகள் தளர்ந்த பிறகும் காலையில் கோயிலுக்கு ஓடும் வழக்கத்துக்கு நாங்கள் திரும்பவில்லை. அந்த வாரத்தில் வேறொரு நாள், கூட்டம் குறைந்த நேரத்தில், நிதானமாகப் போய் வருகிறோம்.

கனித் தட்டை முந்தைய இரவே வைத்துவிட வேண்டும். பூஜை அலமாரிக்கு முன்னால் ஒரு பித்தளைத் தாம்பாளம். அதில் பச்சரிசி பரப்பி, நடுவில் ஒரு கண்ணாடி, அதற்கு முன்னால் மா, பலா, வாழை. முழுப் பலாப்பழம் தேவையில்லை. ஈரச்சந்தையில் சுளை எடுத்துத் தட்டில் அடுக்கி விற்கிறார்கள், அது போதும். வெற்றிலை பாக்கு, மல்லிகைச் சரம், அத்தையின் இரட்டைவடச் சங்கிலி, ஊரிலிருந்து வந்த பழைய ஒரு ரூபாய் நாணயம், பக்கத்திலேயே சிங்கப்பூர் ஒரு வெள்ளி (டாலர்) நாணயம். பிள்ளைகள் ஆளுக்கொரு பொருளைச் சேர்க்கலாம் என்று அத்தை ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்திருக்கிறார். மகள் புதுப் பென்சில் ஒன்றை வைத்தாள். மகன் தன் ஓட்டக் காலணியின் கயிற்றைக் கழற்றி, துவைத்து, சுருட்டி வைத்தான். அத்தை ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதன்மேல் ஒரு மல்லிகைப் பூவை எடுத்து வைத்தார்.

அதிகாலையில் கனி காண்பதற்குச் சிங்கப்பூர் மிக வசதியான ஊர். ஏப்ரலில் இங்கே ஏழு மணி வாக்கில்தான் சூரியன் தலைகாட்டும். ஐந்தரைக்கு எழுப்பினாலும் நல்ல இருட்டு. விளக்கை மட்டும் ஏற்றிவிட்டு, பிள்ளைகளின் கண்ணைப் பொத்தி அழைத்துவந்து தட்டின் முன் உட்கார வைத்தால், கண் திறந்ததும் கண்ணாடிக்குள் பழமும் பூவும் விளக்கும் அவர்கள் முகமும் தெரியும். பிறகு அத்தை எல்லோருக்கும் கைநீட்டம், அதாவது ஆசியோடு கொஞ்சம் காசு, கொடுப்பார். எனக்கும் உண்டு, என் கணவருக்கும் உண்டு. மொத்தம் அரை மணி நேரம். குளித்து, புதுத்துணி இல்லாவிட்டாலும் துவைத்த பள்ளிச் சீருடையில் ஒரு சொட்டு மஞ்சள் தடவி, ஆறரைக்கு எல்லோரும் வாசலைத் தாண்டிவிடலாம். விடுப்பு எடுக்கத் தேவையே இல்லை. விடுப்பைத் தீபாவளிக்கும் ஊர்ப் பயணத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் என் ஆலோசனை.

நேரம் பற்றி ஒன்று. புத்தாண்டு நெருங்கும்போது ஊரிலிருந்து வாட்ஸ்அப்பில் நல்ல நேரம், ராகுகாலம் எல்லாம் வந்து குவியும். பலர் அதோடு இரண்டரை மணி நேரத்தைக் கூட்டி எடுத்துக்கொள்கிறார்கள். சூரியன் மேஷத்துக்குள் நுழையும் நொடிக்கு அந்தக் கணக்கு சரி, ஏனென்றால் அது உலகம் முழுவதும் ஒரே நொடி. ராகுகாலத்துக்குச் சரிவராது. ராகுகாலம் அந்தந்த ஊர்ச் சூரிய உதயத்திலிருந்து கணக்கிடுவது. பகல் பொழுதை எட்டாகப் பிரித்தால் திங்கட்கிழமைக்கு இரண்டாவது பங்கு. ஆறு மணி உதயத்துக்கு ஏழரை முதல் ஒன்பது என்று நம் ஊர் நாட்காட்டி சொல்லும். இங்கே உதயமே ஏழு மணி, ஆகவே எட்டரை முதல் பத்து. இரண்டரையைக் கூட்டினால் பத்து மணிக்குத்தான் ராகுகாலமே தொடங்கும் என்று வரும், அது தவறு. இங்கே சூரியன் இவ்வளவு தாமதமாக வருவதற்கும் காரணம் உண்டு: 1982 ஜனவரி 1 முதல் சிங்கப்பூர் தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே நகர்த்தி வைத்திருக்கிறது. நேரம் பார்க்கும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால் இதை முன்கூட்டியே உட்கார்ந்து கணக்குப் போட்டு எழுதி ஒட்டிவிடுங்கள். காலை வேளையில் தேவையில்லாத பதற்றம் குறையும்.

சாமான் வாங்குவதைப் பொறுத்தவரை, முந்தைய வார இறுதியே சிறந்தது. நாங்கள் இருப்பது பொங்கோலில். வடகிழக்கு ரயில் பாதையில் ஏறி உட்கார்ந்தால் மாறாமலே லிட்டில் இந்தியா. தேக்கா சந்தையில் காய், பஃப்ளோ சாலையில் மாவிலை, வாழையிலை, பூ. கடைசி நாளில் போனால் மாவிலைக் கொத்து வாடியிருக்கும், கூட்டமும் தாங்காது. மாவிலையை ஈரத்துணியில் சுற்றிக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தால் இரண்டு நாள் பச்சையாகவே இருக்கும்.

மாங்காய்தான் கவனித்து வாங்க வேண்டியது. பேரங்காடியில் கிடைக்கும் தாய்லாந்து மாங்காய் பார்க்க அழகாக, மொறுமொறுப்பாக இருக்கும். ஆனால் புளிப்பு குறைவு. அதில் பச்சடி செய்தால் வெல்லம் ஓங்கி நின்று ஜாம் ஆகிவிடும். தேக்காவில் கடைக்காரரிடம் “பச்சடிக்கு” என்று சொன்னால் நல்ல புளிப்புக் காயாக எடுத்துத் தருவார். தாய்லாந்து மாங்காய்தான் கிடைத்தது என்றால் வெல்லத்தைப் பாதியாகக் குறைத்து, சிட்டிகை புளிக்கரைசல் சேர்க்கலாம்.

நான் செய்யும் விதம் இது. இரண்டு மாங்காயைத் தோலோடு நீளத் துண்டுகளாக்கி, கொட்டையையும் விடாமல், மஞ்சளும் உப்பும் போட்டு வேகவைப்பேன். கொட்டையை உறிஞ்சுவதற்குப் பிள்ளைகளுக்குள் போட்டி. வெல்லத்தைத் தனியாகக் கரைத்துக் கண்டிப்பாக வடிகட்ட வேண்டும், அடியில் மண் இருக்கும். துண்டுகள் குழையும் முன் பாகை ஊற்றி, கொதி வந்து லேசாகக் கெட்டியானதும் இறக்கி, கடுகும் காய்ந்த மிளகாயும் தாளிக்க வேண்டும். வேப்பம்பூவைக் கடைசியில், அரைக் கரண்டி நெய்யில், கருஞ்சிவப்பாக வரும் வரை வறுத்து, பரிமாறும்போதுதான் மேலே தூவ வேண்டும். முன்பே கலந்தால் ஊறிப்போய்க் கசப்பு எல்லாப் பக்கமும் பரவிவிடும். மேலே தூவினால் ஒரு வாய் இனிப்பு, ஒரு வாய் கசப்பு என்று தனித்தனியாக வரும். காய்ந்த வேப்பம்பூ லிட்டில் இந்தியா மளிகைக் கடைகளில் பாக்கெட்டில் கிடைக்கிறது. பூங்காவில் வேப்பமரம் பூத்து நிற்பதைப் பார்த்தால் கை போகும். ஆனால் பூங்காவில் அனுமதியில்லாமல் பூவோ இலையோ பறிப்பது குற்றம், அபராதம் உண்டு. பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வைக்கவேண்டும்.

அடுத்து, வீடமைப்புக் கழகத்தின் அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்களுக்கு. 2018 ஜூன் முதல் புதிய வீடுகளில் தீ எச்சரிக்கைக் கருவி கட்டாயம். எங்கள் வீட்டுக் கூடத்துக் கூரையிலும் இருக்கிறது. கப் சாம்பிராணியை அதற்கு நேர் கீழே வைத்தால் கருவி அலறிவிடும். சாம்பிராணியைச் சமையலறைச் சன்னல் பக்கம் ஏற்றி, புகை அடங்கிய பிறகு பூஜைக்குக் கொண்டுவருவது நல்லது. கருவியின் பேட்டரியை மட்டும் ஒருபோதும் கழற்றாதீர்கள். அது நம் உயிருக்காக மாட்டியது. வாசலில் கோலம் போடலாம், தோரணம் கட்டலாம். தாழ்வாரத்தில் ஆட்கள் போய்வர 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்பது விதி, அதனால் குத்துவிளக்கை நடைபாதையில் வைக்காமல் வாசற்படிக்கு உள்ளேயே வைத்துவிடுகிறோம். பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய் அம்மா) காலையில் வேலைக்குக் கிளம்பும்போது கோலத்தை மிதிக்காமல் ஓரமாக நடந்து போவதை மகள் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். அன்று மாலை அவர்கள் வீட்டுக்குப் பாயசம் கொடுக்க அவளையே அனுப்பினேன்.

பெரிய சமையலைக் காலையில் வைத்துக்கொள்ளாதீர்கள். காலையில் பச்சடி மட்டும், அதுவும் முந்தைய இரவே வேகவைத்தது. இலைச் சாப்பாடு இரவில்தான். சாதம், சாம்பார், வேப்பம்பூ ரசம், இரண்டு கறி, அப்பளம், பருப்பு வடை, பாயசம். ஊறவைத்த பருப்பை அத்தை அரைத்து வைத்துவிடுவார், நான் வந்ததும் வடை தட்டினால் போதும். கணவரின் ஷிஃப்ட் முடிந்து அவர் வர எட்டு மணி ஆகிவிட்டது. பிள்ளைகளுக்கு நடுவில் கொஞ்சம் வடை கொடுத்துச் சமாளித்து, எல்லோரும் சேர்ந்துதான் தரையில் உட்கார்ந்தோம். அன்று இரவு தொலைக்காட்சியைப் போடவே இல்லை. இதை யாரும் சட்டமாகச் சொல்லவில்லை, ஆனால் அது அந்த நாளுக்கு மிகப் பெரிய நன்மை செய்தது.

சாப்பிட்டு முடித்ததும் பஞ்சாங்கம். வழக்கமாக அத்தை படிப்பார். விசுவாவசு ஆண்டுக்கு ராஜா யார், மந்திரி யார், மேகாதிபதி யார், மழை எவ்வளவு என்றெல்லாம் அவர் படிக்கும் ராகமே தனி. ஆனால் அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. எழுத்து கலைந்து கலைந்து தெரிகிறது என்று புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டார். ஐந்தாம் வகுப்பு மகள் எடுத்துப் படித்தாள். பாடப்புத்தகத் தமிழுக்குப் பழகிய பிள்ளைக்குப் பஞ்சாங்கத் தமிழ் பெரிய மலை. ஒரு வரிக்கு மூன்று இடத்தில் நின்றாள். ஒவ்வொரு இடத்திலும் அத்தை நினைவிலிருந்தே சொல்லை எடுத்துக்கொடுத்தார். ஒரு பக்கம் முடிக்க வெகுநேரம் ஆனது. யாரும் அவசரப்படுத்தவில்லை. நான் அந்தப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஏப்ரல் மாதம் முழுக்க இங்கே வளர்தமிழ் இயக்கம் தமிழ்மொழி விழா நடத்துகிறது. நாங்களும் பிள்ளைகளை அழைத்துப் போகிறோம். ஆனால் மொழி பிள்ளையின் வாயில் ஏறுவது இப்படி ஒரு பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்துதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அதன் பிறகு நாங்கள் செய்வதுதான் இந்தப் புத்தாண்டிலேயே எனக்குப் பிடித்த பகுதி. ஆளுக்கு ஓர் ஆசை சொல்ல வேண்டும். ஆண்டு முழுமைக்குமானது கூடாது, சித்திரைக்கு மட்டும். 2025-இல் சித்திரை ஏப்ரல் 14-இல் தொடங்கி மே 14-இல் முடிந்தது, 31 நாள். அந்த 31 நாளுக்குள் அடங்குகிற ஆசையாக இருக்க வேண்டும்.

ஏன் மாதம்? ஆண்டுக்கென்று சொல்லும் உறுதிமொழியை ஆடி மாதத்தில் யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. அதோடு, வயதானவர்களுக்கு ஓர் ஆண்டு என்பது சொல்லத் தயங்குகிற தூரம். “அடுத்த சித்திரைக்கு நான் இருந்தா பாப்போம்” என்று அத்தை சொல்லும்போதெல்லாம் பேச்சு அங்கேயே நின்றுபோகும். ஒரு மாதம் என்றதும் அவரும் தயங்காமல் பேசினார். பிள்ளைகளுக்கும் மாதம்தான் கைக்கு எட்டும் அளவு.

அத்தையின் ஆசை: கண் அறுவை சிகிச்சையைப் பயப்படாமல் செய்துகொள்வது. பலதுறை மருந்தகத்திலிருந்து அனுப்பி, தேதியும் கிடைத்திருந்தது. சித்திரைக்குள்ளேயே வந்தது. இரண்டு முறை தள்ளிப்போட்டவர், எல்லோர் முன்னாலும் சொன்ன பிறகு தள்ளிப்போடவில்லை. மகன், நாஃபா உடற்தகுதித் தேர்வில் 2.4 கிலோமீட்டரை 12 நிமிடத்துக்குள் ஓடவேண்டும் என்றான். மகள், பாட்டியோடு ஒரு தமிழ்க் கதைப் புத்தகத்தை முதலிலிருந்து கடைசி வரை படிக்கவேண்டும் என்றாள். பொங்கோல் வட்டார நூலகம் எங்களுக்கு நடக்கும் தூரம், சிறுவர் தமிழ்ப் புத்தகங்கள் அங்கேயே கிடைக்கின்றன. கணவர், வாரத்தில் இரண்டு இரவாவது எல்லோரோடும் சாப்பிட வேண்டும் என்றார். நான், கும்பகோணத்தில் இருக்கும் அப்பாவோடு வாரம் ஒருமுறை அவசரமில்லாமல் பேச வேண்டும் என்றேன். அம்மா போன பிறகு அவர் தனியாக இருக்கிறார். தினமும் பேசுகிறோம், ஆனால் “சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா” என்பதோடு முடிந்துவிடும். இங்கே இரவு ஒன்பதரை என்றால் அங்கே ஏழு. அவருக்கு விளக்கு வைத்துவிட்டு ஓய்வாக இருக்கும் நேரம், எனக்குப் பாத்திரம் கழுவி முடித்த நேரம். அந்த நேரத்தை ஞாயிற்றுக்கிழமைகளுக்கு என்று குறித்துக்கொண்டோம்.

எல்லாவற்றையும் நாட்காட்டியின் பின்பக்கத்தில் எழுதி, குளிர்பெட்டியில் ஒட்டினோம். இங்கே ஒரு நுணுக்கம்: ஒருவருடைய ஆசைக்கு வீட்டில் இன்னொருவர் துணை நிற்க வேண்டும், அந்தப் பெயரும் பக்கத்திலேயே எழுதப்பட வேண்டும். அத்தைக்குத் துணை நான். அறுவை சிகிச்சை அன்றே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆனால் அதற்குப் பிந்தைய வாரங்கள்தான் வேலை: வேளை தவறாமல் கண் சொட்டு மருந்து, தலைக்குக் குளிக்கக் கூடாது, குனிந்து கனம் தூக்கக் கூடாது, அடுப்புப் புகைப் பக்கம் வரக் கூடாது. சொட்டு மருந்து நேரங்களை எழுதி ஒட்டி, போட்டவுடன் மகள் ஒரு கோடு போடுவாள். மகனுக்குத் துணை அவன் அப்பா. காலையில் ஷிஃப்ட் இல்லாத நாட்களில் பொங்கோல் நீர்வழிப் பாதையில் இருவரும் ஓடினார்கள்.

மே 14 இரவு அந்தத் தாளை எடுத்துப் பார்த்தோம். அத்தைக்கு ஒரு கண் தெளிந்துவிட்டது. மகள் புத்தகத்தை முடித்துவிட்டாள், கடைசி அத்தியாயத்தை ஒரு கண்ணை மூடிக்கொண்டு அத்தையே படித்துக் காட்டினார். மகன் 12 நிமிடத்தைக் கொஞ்சம் தாண்டிவிட்டான். கணவருக்கு ஷிஃப்ட் மாறியதில் வாரம் ஒரு இரவுதான் கிடைத்தது. அப்பா என்னிடம், அம்மா கல்யாணமாகி வந்த புதிதில் பேசவே மாட்டாள் என்று ஒரு கதை சொன்னார். இத்தனை வயதுக்கு நான் கேட்டிராத கதை. முடியாத ஆசைகளைப் பற்றி யாரையும் கேள்வி கேட்பதில்லை என்பது எங்கள் வழக்கம். விருப்பம் இருந்தால் வைகாசிக்கு எழுதிக்கொள்ளலாம். மகன் எழுதினான்.

வாடகை அறையில் இருப்பவர்களும் இதைச் செய்யலாம். எண்ணெய் விளக்கு கூடாது என்று வீட்டுக்காரர் சொன்னால் பேட்டரி விளக்கு போதும். கனித் தட்டுக்கு ஒரு மாம்பழம், ஒரு சிறு கண்ணாடி, ஒரு சரம் பூ இருந்தால் நிறைவு. பச்சடியை முந்தைய நாள் செய்து பாட்டிலில் வைத்தால் கெடாது. ஆசையைச் சொல்ல ஊருக்கு ஒரு வீடியோ அழைப்பு போதும், துணைப் பெயரை அம்மாவே எழுதிக்கொள்வார். ஆனால் இலைச் சாப்பாட்டை மட்டும் தனியாகச் சாப்பிட வேண்டாம். உங்களுக்குத் தெரிந்த ஒரு வீடு கட்டாயம் இருக்கும், கூச்சப்படாமல் கேளுங்கள். வீட்டுக்காரர்களும் அவர்கள் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். என் அலுவலகத்தில் திருநெல்வேலியிலிருந்து வந்த ஒரு தம்பி இருக்கிறார், செங்காங்கில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறார். அடுத்த சித்திரைக்கு இரவுச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான் என்று இப்போதே சொல்லிவைத்துவிட்டேன். “அக்கா, வடை மட்டும் கொஞ்சம் கூடப் போடுங்க” என்றார்.